பி.எஃப். அபராதம்: 0.75-க்கும் 0.74-க்கும் நடுவில் ஒரு கிணறு

கரண்ட் பில் என்றாலே எல்லோரும் பார்ப்பது யூனிட்டைத்தான். ஆனால் ரைஸ் மில், மர அறுவை மில், லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வரியும் வரும். "பவர் ஃபேக்டர் குறைவுக்கான ஈட்டுத் தொகை" என்ற வரி. எங்கள் பக்கம் புதுவயல் முழுக்க நெல் அரவை ஆலைகள். அங்கே போய் இந்த வரியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஏதோ பி.எஃப். ஃபைன் போட்டுட்டான்" என்பார்கள். எதற்கு, எந்தக் கணக்கில் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. (ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கையால் செய்து, வெயிலில் உலர்த்தி, தண்ணீரில் ஊறப்போட்டு முடித்துவிடுகிறார்கள். கொடுத்து வைத்தவர்கள் :-))

அபராதம் போடுவது சரி, போடும் விதம்தான் தப்பு. இதுதான் என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். மின்னியல் படிக்காதவர்களும் படிக்கலாம், பயப்பட வேண்டாம்.

பவர் ஃபேக்டர் என்றால் என்ன?

பாடப்புத்தகத்தில் கோணம், கொசைன் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதை விடுங்கள். வீட்டில் ஒரு கல்யாண விருந்து என்று வையுங்கள். வண்டியில் அரிசி, பருப்பு வருகிறது. கூடவே அண்டா, குண்டானும் வாடகைக்கு வருகின்றன. அரிசி செலவாகிவிடும். அண்டா செலவாகாது, விருந்து முடிந்ததும் அப்படியே திரும்பிப் போய்விடும். ஆனால் வண்டியில் இடத்தை அடைப்பது இரண்டும்தான்.

மோட்டாரும் இப்படித்தான். நெல்லை அரைக்கிற வேலைக்குப் போவது கிலோவாட். அது அரிசி. மோட்டாருக்குள் காந்தப்புலம் உருவாகத் தேவைப்படுவது ரியாக்டிவ் பவர். அது அண்டா. நொடிக்கு நூறு முறை மோட்டாருக்குள் போய்ப் போய்த் திரும்பி வரும். செலவாவதில்லை, ஆனால் கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் இடத்தை அடைக்கும். வண்டியின் மொத்தப் பாரம் கேவிஏ. அந்தப் பாரத்தில் அரிசியின் பங்கு எவ்வளவு என்பதுதான் பவர் ஃபேக்டர். 1 என்றால் வண்டி முழுக்க அரிசி. (அரிசியும் அண்டாவும் நேராகக் கூட்டப்படுவதில்லை, பிதாகரஸ் தேற்றப்படி கூட்டப்படும். உவமைக்கு அது தேவையில்லை.)

கெப்பாசிட்டர் என்பது சொந்தப் பாத்திரம். செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரத்துக்குப் பஞ்சமா? சொந்தப் பாத்திரம் இருக்கிற வீட்டுக்கு அண்டாவை வண்டியில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. மோட்டாருக்குப் பக்கத்திலேயே கெப்பாசிட்டர் இருந்தால் காந்தப்புலத்துக்கு வேண்டியது அங்கேயே கிடைத்துவிடும்.

மின்வாரியத்துக்கு இதில் என்ன நஷ்டம்? கம்பியில் வீணாகும் மின்சாரம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே கிலோவாட்டை 0.7 பவர் ஃபேக்டரில் எடுத்தால், 1-ல் எடுப்பதைவிடக் கம்பி இழப்பு இரண்டு மடங்குக்கு மேல். வோல்டேஜும் இறங்கும். உங்கள் மீட்டரில் யூனிட் ஒரே மாதிரிதான் ஓடும், இழப்பு மட்டும் ஊர்த் தலையில் விழும். ஆகவே யாராவது இதற்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 62(3)-ன்படி ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும்போது யாருக்கும் சலுகை காட்டக்கூடாது, ஆனால் பவர் ஃபேக்டரை வைத்து வேறுபடுத்தலாம்.

தமிழ்நாட்டு விதி என்ன சொல்கிறது?

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளில் பல வருடங்களாக இருக்கும் கணக்கு இது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுமை உள்ள தாழ்வழுத்தத் தொழிற்சாலைகள் மாதச் சராசரியாக 0.85 வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே 0.75 வரை, குறைகிற ஒவ்வொரு 0.01-க்கும் மின்நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம் அபராதம். 0.75-க்கும் கீழே போனால் 0.85-லிருந்து எண்ணி ஒவ்வொரு 0.01-க்கும் 1.5 சதவீதம். உயரழுத்தத்துக்கு எல்லை 0.90. அங்கே 0.85 வரை 1, 0.75 வரை 1.5, அதற்கும் கீழே 2 சதவீதம்.

"0.85-லிருந்து எண்ணி" என்ற இடத்தைக் கவனியுங்கள். கிணறு அங்கேதான் இருக்கிறது.

ஒரு மில் மாதம் 10,000 யூனிட் எடுக்கிறது. கணக்குக்காக யூனிட் 8 ரூபாய் என்று வைப்போம். நுகர்வுக் கட்டணம் 80,000.

பி.எஃப். 0.80 என்றால் அபராதம் 5 சதவீதம், 4,000 ரூபாய்.
பி.எஃப். 0.75 என்றால் 10 சதவீதம், 8,000 ரூபாய்.
பி.எஃப். 0.74 என்றால் 11 முறை 1.5, அதாவது 16.5 சதவீதம், 13,200 ரூபாய்.

பார்த்தீர்களா? 0.75-லிருந்து 0.74-க்கு ஒரே ஒரு புள்ளி இறங்கியதற்கு 5,200 ரூபாய். அந்த ஒரு புள்ளியால் கம்பி இழப்பு எவ்வளவு கூடியிருக்கும்? சுமார் 2.7 சதவீதம். அதுவும் மொத்த மின்சாரத்தில் இல்லை, அந்த மில்லால் ஏற்படும் இழப்பில்! வாரியத்துக்கு ஆகும் கூடுதல் செலவுக்கும் இந்த 5,200-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உயரழுத்தத்தில் இதே மாதிரி இரண்டு கிணறுகள். 0.85-ல் 5 சதவீதம், 0.84-ல் 9. 0.75-ல் 22.5 சதவீதம், 0.74-ல் 32.

சிலர் சொல்வார்கள், "பயம் இருந்தால்தானே கெப்பாசிட்டர் போடுவான்?" என்று. நியாயமான கேள்விதான். ஆனால் பயம் வேலை செய்ய, எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று தெரிய வேண்டும். மேலே சொன்ன மில் 0.74-லிருந்து 0.95-க்கு வர என்ன வேண்டும்? ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் சுமை 50 கிலோவாட். அதற்குச் சுமார் 29 கேவிஏஆர் கெப்பாசிட்டர் போதும், கடையில் 30 என்று வாங்கலாம். தானாகவே ஏற்றி இறக்கும் பேனலோடு சேர்த்தாலும் மாதம் 13,200 அபராதம் கட்டுகிறவருக்கு ஒரு வருடத்துக்குள் காசு திரும்பிவிடும். இவ்வளவு லாபமான விஷயத்தை ஒருவர் செய்யாமல் இருக்கிறார் என்றால் அவருக்குக் காரணம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பில்லில் அபராதத் தொகை இருக்கிறது, "உங்களுக்கு இத்தனை கேவிஏஆர் குறைகிறது" என்று ஒரு வரி இல்லை. கணக்குப் போடத் தேவையான எல்லாமே மீட்டரில் இருந்தும்.

காரணமும் பல நேரம் சின்னதுதான். 8 குதிரைத்திறன் வேலைக்கு 20 குதிரைத்திறன் மோட்டார் போட்டிருப்பார்கள், "இருக்கட்டுமே" என்று. மோட்டார் பாதிச் சுமையில் ஓடினாலும் காந்தப்புலத்துக்கு வேண்டியது குறையாது. அரிசி குறைந்து அண்டா அப்படியே இருக்கும். பி.எஃப். விழும். அல்லது என்றைக்கோ போட்ட கெப்பாசிட்டர் செத்துப்போயிருக்கும், பில் வரும்வரை யாருக்கும் தெரியாது.

வெளியே என்ன செய்கிறார்கள்?

தேவைக்குத் தனிக்கட்டணம், யூனிட்டுக்குத் தனிக்கட்டணம் என்று இரண்டாகப் பிரிக்கும் யோசனை ஜான் ஹாப்கின்சன் 1892-ல் சொன்னது. நம் உயரழுத்த பில்லில் இன்றும் அதுதான். தேவைக் கட்டணம் கேவிஏ கணக்கில். அதனால் அங்கே அபராதம் தவிர ஒரு மறைமுகப் பரிசும் இருக்கிறது. 400 கிலோவாட் சுமையை 0.80-ல் எடுத்தால் 500 கேவிஏ, 0.95-ல் எடுத்தால் 421. செப்டம்பர் 2022-ல் ஒரு கேவிஏ-வுக்கு 350-லிருந்து 550 ரூபாய் ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. 550 என்றே வைத்தாலும் 79 கேவிஏ குறைந்தால் மாதம் 43,000 ரூபாய்க்கு மேல். ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பில் போடுவார்கள். ஆகவே கெப்பாசிட்டர் போட்டால் மட்டும் போதாது, ஒப்பந்தத் தேவையையும் எழுதிக் கொடுத்துக் குறைக்க வேண்டும். இதைச் செய்யாமல் "கெப்பாசிட்டர் போட்டும் பில் குறையலையே" என்று புலம்புகிறவர்கள் உண்டு. தாழ்வழுத்தத்தில் நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் என்பதால் இந்தப் பரிசு அங்கே கிடையாது.

மகாராஷ்டிராவில் முன்பு நல்ல பி.எஃப். வைத்திருந்தால் ஊக்கத்தொகை, கெட்டதற்கு அபராதம் என்று இருந்தது. ஏப்ரல் 2020 முதல் உயரழுத்தத்துக்கு அதையெல்லாம் தூக்கிவிட்டு, யூனிட்டையே கேவிஏ-மணியில் எண்ண ஆரம்பித்தார்கள். டெல்லியிலும் வணிக, தொழில் இணைப்புகளுக்குக் கேவிஏ-மணி உண்டு. வண்டிப் பாரத்துக்கே விலை, தனி அபராதம் இல்லை.

நம் மில்லுக்கு அப்படிப் போட்டால்? 0.90-ல் பழைய பில்லும் புதிய பில்லும் சமமாக வரும்படி ஒரு கேவிஏ-மணிக்கு 7.20 ரூபாய் என்று வைப்போம். 0.95 வைத்திருப்பவருக்கு 75,789 ரூபாய், அவருக்கு 4,000-க்கு மேல் மிச்சம். 0.75-க்கு 96,000. 0.74-க்கு 97,297. கிணறு இல்லை, ஒரு சரிவு மட்டும்தான். நல்லவனுக்குப் பரிசும் தானாக வருகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. 0.75-ல் இருப்பவர் இன்று கட்டுவது 88,000, இந்த முறையில் 96,000. கேவிஏ-மணி என்பது சிறு தொழிலுக்குச் சலுகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மோசமாக இருப்பவரை அது இன்னும் இறுக்கும்.

சோலார் வந்ததும் கணக்கு இன்னும் கெட்டது

விகிதத்துக்கு விலை வைப்பதே ஏன் தப்பு என்பதற்கு என்னிடம் இருக்கிற பலமான சாட்சி இதுதான்.

அதே 50 கிலோவாட் மில், ஒழுங்காக 0.90-ல் இருக்கிறது. ரியாக்டிவ் 24.2 கேவிஏஆர், மொத்தம் 55.6 கேவிஏ. கூரையில் சோலார் போடுகிறார். சாதாரணமாக அமைத்த சோலார் இன்வர்ட்டர் கிலோவாட் மட்டும்தான் தரும், ரியாக்டிவ் தராது. மதியம் 30 கிலோவாட் சோலாரில் வருகிறது. வாரியக் கம்பியிலிருந்து எடுப்பது 20 கிலோவாட். ரியாக்டிவ் அதே 24.2. மொத்தம் 31.4 கேவிஏ. பி.எஃப். என்ன? 0.64!

கம்பியில் ஓடும் பாரம் 55.6-லிருந்து 31.4 ஆகக் குறைந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மருக்கு நிம்மதி. இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. ஆனால் விகிதத்தைப் பார்த்தால் இவர் குற்றவாளி. அரிசியை வீட்டிலேயே விளைவித்துக்கொண்டவரிடம் "உன் வண்டியில் அண்டா சதவீதம் அதிகம்" என்று ஃபைன் கேட்பது மாதிரி. (இன்வர்ட்டரையே ரியாக்டிவ் தரும்படி அமைக்க முடியும், இன்றைய இன்வர்ட்டர்கள் பலவற்றில் அந்த வசதி உண்டு. சோலார் போடுகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.)

அப்படியானால் எதற்கு விலை?

அண்டாவுக்கே விலை வையுங்கள் என்கிறேன். விகிதத்துக்கு வேண்டாம், கேவிஏஆர்-மணிக்கு நேரடியாக. இது புது யோசனை இல்லை. மாநிலங்களுக்கும் தேசிய மின்தொகுப்புக்கும் நடுவில் ஏற்கனவே நடப்பதுதான். 2010 மின்தொகுப்பு விதிகளில் கேவிஏஆர்-மணிக்கு 10 பைசா, வருடா வருடம் அரை பைசா ஏற்றம் என்று இருந்தது. அதில் அழகு என்னவென்றால், விலை வோல்டேஜைப் பொறுத்தது. வோல்டேஜ் 97 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ரியாக்டிவ் எடுத்தால் மாநிலம் காசு கட்ட வேண்டும். 103 சதவீதத்துக்கு மேலே இருக்கும்போது எடுத்தால் மாநிலத்துக்கே காசு கிடைக்கும். ஏனென்றால் வோல்டேஜ் ஏறிக்கிடக்கும் நேரத்தில் ரியாக்டிவ் எடுப்பது உதவி. ராத்திரி மோட்டாரெல்லாம் நின்ற பிறகு கெப்பாசிட்டரை மட்டும் விட்டுவைத்தால் அது உபத்திரவம். மாதச் சராசரி பி.எஃப்.-க்கு இந்த இரவு பகல் வித்தியாசமெல்லாம் தெரியாது.

மாநிலத்துக்குப் பொருந்தும் நியாயம் மில்லுக்குப் பொருந்தாதா? நம் மில் 0.74-ல் மாதம் 9,089 கேவிஏஆர்-மணி எடுக்கிறது. 0.90-க்குச் சமமான 4,843-ஐ இலவசமாக விடுவோம். மிச்சம் 4,246. பத்து பைசா என்றால் 425 ரூபாய்தான். அது உயரழுத்தத் தொகுப்பின் விலை, நம் தெருக் கம்பிக்குப் போதாது, ஒத்துக்கொள்கிறேன். பத்து மடங்காக்கி ஒரு ரூபாய் வையுங்கள். 4,246 ரூபாய். 0.75-க்கு 3,976. ஒரு புள்ளிக்கு 270 ரூபாய் வித்தியாசம், 5,200 இல்லை. இலவச அளவை மில்லின் மொத்த நுகர்வை வைத்து முடிவு செய்தால் சோலார் போட்டவரும் தப்பிப்பார். சரியான விலை ஒரு ரூபாயா, ஒன்றரையா என்று ஆணையம் செலவுக் கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும். சதவீதத்தில் அபராதம் போட்டால் யூனிட் விலை ஏறும்போதெல்லாம் அபராதமும் சேர்ந்து ஏறுகிறது, கம்பியில் எதுவும் மாறாமலே.

வயல் மோட்டார்

இப்போது சங்கடமான இடம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. பில் இல்லாத இடத்தில் பி.எஃப்.-க்கு எப்படி விலை போடுவது? 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கேவிஏஆர் கெப்பாசிட்டர் போதும். ஆனால் அது கெட்டுப்போனால் மாற்ற விவசாயிக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை.

விவசாயி விலையே கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கொடுக்கிறார், வேறு இடத்தில். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற மோட்டாரெல்லாம் அண்டாவை இழுத்தால் வோல்டேஜ் படுக்கும். படுத்தால் மோட்டார் அதிக கரண்ட் இழுத்துச் சூடேறிக் காயில் எரியும். பயிர் காயும்போது மோட்டாரைக் கழற்றிக்கொண்டு காயில் கட்டும் கடைக்கு ஓட வேண்டும். பி.எஃப். அபராதத்தை அவர் அந்தக் கடையில்தான் கட்டுகிறார். அதிலும் ஒரு அநியாயம், கெப்பாசிட்டர் ஒழுங்காக வைத்திருக்கும் விவசாயியும் பக்கத்துத் தோட்டக்காரரால் அதே அபராதத்தைக் கட்டுகிறார்.

இங்கே விலை வேலை செய்யாது. வாரியமே டிரான்ஸ்ஃபார்மரிலும் துணைமின் நிலையத்திலும் கெப்பாசிட்டர் வைத்துப் பராமரிப்பதுதான் வழி. மில்களிடம் வாங்கும் பி.எஃப். காசை இதற்கென்று தனியாக ஒதுக்கினால் அந்த வசூலுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

"பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகும்" என்று ஒரு பெட்டி விற்கிறார்களே, அதற்குள் பெரும்பாலும் ஒரு சின்ன கெப்பாசிட்டர்தான். வீட்டு மீட்டரில் காசு வாங்குவது கிலோவாட்-மணிக்கு மட்டும். பி.எஃப். எவ்வளவு சீரானாலும் வீட்டு பில் குறையாது. அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

வீடுகளுக்கும் பி.எஃப். விலை வேண்டுமா? வேண்டாம் என்பேன். மோசமான பல்பையும் ஃபேனையும் தயாரிக்கிறவரைத் தரக்கட்டுப்பாட்டில் பிடிக்கலாம். வீட்டில் இருப்பவர் கெப்பாசிட்டர் கணக்கா போட்டுக்கொண்டிருப்பார்?

சுருக்கமாக என் கோரிக்கை மூன்று. ஒன்று, சதவீதப் படிகளை எடுத்துவிட்டு எடுத்த ரியாக்டிவுக்கு நேராக விலை. அது உடனே முடியாது என்றால், குறைந்தபட்சம் 1.5 சதவீதத்தை 0.75-க்குக் கீழே உள்ள புள்ளிகளுக்கு மட்டும் போடுங்கள். வருமான வரியில் ஸ்லாப் தாண்டினால் தாண்டிய பணத்துக்குத்தானே கூடுதல் வரி? அதே நியாயம். இதற்குப் புது மீட்டர்கூட வேண்டாம், பில் போடும் மென்பொருளில் ஒரு வரி மாற்றினால் போதும். இரண்டு, பில்லிலேயே தமிழில் "இத்தனை கேவிஏஆர் போட்டால் அபராதம் போய்விடும்" என்று அச்சடிப்பது. மூன்று, வயல் பக்கம் வாரியமே பொறுப்பேற்பது.

விலை என்பது ஒரு செய்தி. எதற்காகக் கொடுக்கிறோம் என்று கொடுக்கிறவருக்குப் புரிந்தால் அவர் திருத்திக்கொள்வார், கம்பியும் மிச்சம், காசும் மிச்சம். புரியாவிட்டால் வாரியத்தைத் திட்டிக்கொண்டே மாதா மாதம் கட்டுவார், கம்பியில் எதுவும் மாறாது. மில் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால் அவர்களுடைய பில்லை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 0.75-க்கு ஒரு புள்ளி கீழே நிற்கிறாரா என்று மட்டும் பாருங்கள், போதும்.